பியானோவும் சின்தும் ஒரே பெட்டிக்குள் வந்த கதை

எங்கட இசைக்குழுவுக்கு ஒரு கீபோட் வாங்கவேணும். மூன்று மாதமாக இழுபறி. சேர்த்த காசு ஒன்றுக்குத்தான் காணும். வாசிக்கிற பிள்ளை பியானோ படிச்சு வந்தவள். "கீ பாரமா இருந்தால்தான் என்ர கை வேலை செய்யும்" என்கிறாள். மற்றவர்களுக்கு சின்த் சத்தம் வேணும், பெட்டி ஓட்டோவுக்குள்ள அடங்கவும் வேணும். உண்மையில இந்தச் சண்டை எங்களோட தொடங்கினதில்லை. அதுக்கு ஐம்பது வருசத்து வரலாறு இருக்கு.

1970களில் மேடைக்கு மேடை பியானோவைத் தூக்கிக்கொண்டு திரிய ஏலாது. அதற்குப் பதிலாகப் பலர் வாசித்தது ஃபெண்டர் றோட்ஸ். கீயை அழுத்தினால் உள்ளே ஒரு சுத்தியல் உலோகக் கம்பியைத் தட்டும். அந்த அதிர்வை ஒரு பிக்கப் மின்சாரமாக மாற்றும். 73 கீ உள்ள றோட்ஸின் பாரம் 60 கிலோவுக்குக் கிட்ட. சின்துக்கு வேற பெட்டி. 1970இல் வந்த மினிமூக்கில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வரும். ரெண்டு சத்தமும் வேணுமெண்டால் ரெண்டையும் சுமக்கவேணும். வானும் ஆளும் காசும் உள்ள குழுக்களுக்கே அது சரிவந்தது.

1983இல் யமஹா டிஎக்ஸ்7 வந்தது. ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஜோன் சௌனிங் 1967இல் கண்டறிந்த எஃப்எம் முறைதான் அதன் அடிப்படை. ஒரு அலையின் அதிர்வெண்ணை இன்னொரு அலையால் வேகமாக ஆட்டினால் புதிய ஒலிகள் பிறக்கும். 61 கீ, ஒரே நேரத்தில் 16 சுரம், பாரம் 14 கிலோ அளவு. மணி அடிப்பதுபோன்ற அதன் மின்பியானோ எண்பதுகளின் மெதுவான காதல் பாட்டுகளில் நிறைந்திருந்தது. தோள் தப்பியது. ஆனால் கீ லேசான சின்த் கீ. பியானோ பழகின விரலுக்கு அது இழப்புத்தான்.

1988இல் கோர்க் எம்1. பதிவுசெய்த பியானோ, தந்தி, டிரம்ஸ் ஒலிகளோடு அவற்றை அடுக்கிப் பாட்டாக்கும் வசதியும் ஒரே பெட்டியில். ஒலிகளுக்கு இருந்த இடம் வெறும் 4 மெகாபைட். அதன் பியானோ உண்மையான பியானோ மாதிரி இல்லை. கூர்மையான, தட்டையான சத்தம். ஆனாலும் அந்தக் கூர்மைக்காகவே ஹவுஸ் இசைக்காரர் அதைத் தேடித்தேடிப் பாவித்தார்கள். வீட்டில ஹெட்போனில் இனிக்கிற பியானோ, டிரம்ஸுக்கும் பேஸுக்கும் நடுவில காணாமல் போகலாம். மேடைக்குத் தேவை வெட்டித் தெரியிற சத்தம்.

2005இல் சுவீடனிலிருந்து நோர்ட் ஸ்டேஜ் வந்தது. பியானோ, ஓர்கன், சின்த் மூன்றுக்கும் தனித்தனிப் பகுதி; வாசிக்கும்போதே கையால் மாற்றலாம். இவ்வளவு செய்தவர்களும் கீ விசயத்தில் ஒரு முடிவுக்கு வரவில்லை. அதே வாத்தியத்தைப் பாரமான 88 கீயோடும் லேசான 73 கீயோடும் விற்றார்கள். சத்தங்கள் ஒரு பெட்டிக்குள் சேர்ந்துவிட்டன. கீ மட்டும் இன்னும் சேரவில்லை. பாரமான கீயில் மெல்லவும் பலமாகவும் வாசிக்கலாம், ஆனால் உள்ளங்கையால் வழுக்கி ஓர்கன் வாசிக்கக் கஷ்டம். லேசான கீயில் அது நேர்மாறு.

அதனால நாங்கள் கேட்கவேண்டிய கேள்வி "எதில சத்தம் கூட?" என்பதில்லை. எங்கட பாட்டுப் பட்டியலை எடுத்து எண்ணினோம்: பெரும்பாலானவை பியானோப் பாட்டுகள், சின்த் வருவது நாலைந்தில்தான். பெடலை மிதித்துக்கொண்டு வாசித்தால் பழைய சுரங்கள் அறுகிறதா, ஒரு சத்தத்திலிருந்து மற்றதுக்கு இருட்டிலயும் மாறலாமா என்பதையும் கடையில நிண்டு பார்த்தோம். கடைசியில பாரமான கீ உள்ள, பழைய, 73 கீ பெட்டி ஒன்று.

ஓட்டோவுக்குள்ள குறுக்காக வைத்தால் அடங்குது. ஒருவர் மட்டும் பஸ்ஸில வரவேணும். அந்த ஒருவர் நான்தான்.