கடல் தாண்ட யாருக்கு விண்ணப்பம் வேண்டியிருந்தது?

சிங்கப்பெருமாள் கோயில் சுற்றுவட்டாரத்தில் நம் பிள்ளைகள் சிலர் மேற்படிப்புக்காக விசா விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள். வங்கிக் கணக்கில் இருப்பைக் காட்டு, ஆங்கிலத் தேர்வு மதிப்பெண்ணைக் காட்டு என்று கேட்கும்போது, "நம்ம ஜனங்களுக்கு இதெல்லாம் புதுசு" என்று வீட்டுப் பெரியவர்கள் மலைக்கிறார்கள். கடல் தாண்டுவது நமக்குப் புதிதல்ல தோழர்களே. விண்ணப்பம் எழுதித் தாண்டுவதுதான் புதிது.

1860 அக்டோபரில் 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேருடன் கிளம்பி, நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. அதன்பின் 1911 வரை சுமார் 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போனார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னையில் கப்பலேறியவர்கள்; செங்கல்பட்டு மாவட்டத்தாரும் அவர்களில் உண்டு. அவர்களிடம் யாரும் படிப்பைக் கேட்கவில்லை. கப்பல் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், உடம்பிலுள்ள தழும்பு ஆகியவற்றோடு சாதியும் எழுதப்பட்டது. ஊரைவிட்டுப் போன பிறகும் 'பறையன்' என்ற சொல் காகிதத்தில் கூடவே போயிற்று.

ஊரில் இருந்திருக்கக் கூடாதா என்றால், இருக்க இடம் வேண்டுமே! செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் அரசுக்கு அனுப்பிய அறிக்கையில், நம் மக்கள் குடியிருந்த மனைகூட மிராசுதார் பிடியில் இருந்ததை எழுதியிருக்கிறார். எதிர்த்துப் பேசினால் குடிசை போய்விடும். பஞ்சமி நிலம் பற்றிய 1892ஆம் ஆண்டு அரசாணை அந்த அறிக்கையிலிருந்து பிறந்ததுதான்.

நேட்டாலில் ஒப்பந்தம் முடிந்தவர்கள் சொந்தக் காலில் நிற்கத் தொடங்கியதும் வெள்ளையருக்கு எரிச்சல் வந்தது. மறுபடி ஒப்பந்தத்தில் சேர், இல்லை ஊர் திரும்பு, இல்லையேல் ஆண்டுக்கு 3 பவுண்டு வரி கட்டு என்றது 1895ஆம் ஆண்டுச் சட்டம். 1897இல் குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. சொந்த விருப்பத்தில் வருகிறவர் ஓர் ஐரோப்பிய மொழியில் விண்ணப்பம் எழுதிக் காட்ட வேண்டும். அரசே ஏற்பாடு செய்து கொண்டுவரும் கூலிகளுக்கு இந்தச் சோதனை கிடையாது! கரும்பு வெட்ட வருகிறவருக்கு எழுத்து வேண்டாம், மனிதராக வருகிறவருக்கு வேண்டும் என்பதுதான் இதன் பொருள். சட்டத்தில் நிறம், இனம் என்ற சொல்லே வராததால் மற்ற காலனிகளுக்கும் இது பிடித்துப்போயிற்று. 1901இல் ஆஸ்திரேலியா இதைச் சொல்வதெழுதும் தேர்வாக மாற்றிக்கொண்டது.

இதே நேட்டாலில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தவர் நம் மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன். ஆங்கிலம் படித்திருந்ததால் அவருடைய கடற்பயணம் வேறாக இருந்தது. 1930இல் அண்ணல் அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாட்டில் உட்கார்ந்தார். அவர் படத்தை மாட்டுகிற நாம், எழுத்தறியாமல் கப்பலேறியவர்களைக் கணக்கில் வைப்பதில்லை.

1920இல் பாஸ்போர்ட் சட்டம் வந்தது, 1967இல் புதிய சட்டம் வந்தது. பழைய கோடு அழியவில்லை. பத்தாம் வகுப்பு தேறாதவர் வளைகுடாவுக்கோ மலேசியாவுக்கோ வேலைக்குப் போக, 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி குடிபெயர்வோர் பாதுகாவலரிடம் அனுமதி வாங்க வேண்டும். பாதுகாப்புக்குத்தான் என்கிறார்கள், ஏமாற்றும் ஏஜெண்டுகள் இருக்கும்போது அது தேவையும்கூட. ஆனால் அந்தப் பதவியின் பெயர் கூலிக்கப்பல் காலத்துப் பெயர். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்கள் எந்தத் தெருக்களில் அதிகம் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

படித்தவர்களுக்காவது வழி திறந்திருக்கிறதா? பட்டியல் சாதி உள்ளிட்ட சில பிரிவுகளின் மாணவர்கள் வெளிநாட்டில் படிக்க ஒன்றிய அரசு தரும் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை, நாடு முழுமைக்கும் ஆண்டுக்கு 125 இடங்கள்தான். 2022இல் அதன் விதிகளில் ஒன்றைச் சேர்த்தார்கள்: இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு இந்தப் பணம் கிடையாது. சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஒரு மாணவி லண்டன் போய், அங்குள்ள காலனிய ஆவணங்களில் செங்கல்பட்டுப் பறையர்களின் நில வரலாற்றைத் தேட விரும்பினால், விசாவுக்கு முன்பே இந்த விதி அவரை மறித்துவிடும்.