காற்றை நம்பிய மூவர்

விமானம் தோன்றுவதற்கு முன்னர், மனிதனை வானில் சுமந்து சென்றது பெரும்பாலும் பலூனே. 1783ஆம் ஆண்டு பாரிஸ் மாநகரின் மேலே முதன்முதலாக மனிதர் அதில் பறந்தனர். அன்று தொடங்கி, கால் வைக்க அஞ்சும் நிலங்களையெல்லாம் வானிலிருந்தே கண்டுவிடலாம் என்னும் ஆசை ஐரோப்பியரை விட்டு அகலவில்லை. ஜூல்ஸ் வெர்ன் என்னும் பிரெஞ்சு எழுத்தாளர் 1863இல் வெளியிட்ட புதினத்தில், மூவர் ஸான்ஸிபாரிலிருந்து புறப்பட்டு ஆப்பிரிக்காவின் குறுக்கே பலூனில் பறந்து நலமே கரை சேர்கின்றனர். முப்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து வேறு மூவர் மெய்யாகவே புறப்பட்டனர். அவர்களைப் பற்றியே நாம் இங்குப் பேச விழைகின்றோம்.

ஸாலமன் ஆகஸ்ட் ஆந்த்ரே ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர். காப்புரிமை அலுவலகத்தில் பணி புரிந்தவர். 1895இல் அவர் தம் நாட்டு அறிவியல் கழகத்தின் முன் ஒரு திட்டத்தை வைத்தார். வடதுருவத்தைப் பனிச் சறுக்கு வண்டிகளால் எட்ட முயன்றவர் அனைவரும் தோற்றனர்; பலூனோ சில நாட்களில் அதனைக் கடந்துவிடும் என்றார். ஆல்ஃபிரட் நோபெல் பொருள் தந்தார். மன்னர் இரண்டாம் ஆஸ்கரும் தந்தார். நாடே அவரைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது. அந்தக் கொண்டாட்டமே பின்னர் அவருக்கு விலங்காயிற்று என்பது நம் கருத்து.

பலூன் காற்றோடு காற்றாகச் செல்வது. அதற்குச் சுக்கான் பயன்படாது. ஆந்த்ரே இதற்கு ஓர் உபாயம் கண்டார். கனத்த கயிறுகளைத் தொங்கவிட்டுப் பனியின் மீது இழுபடச் செய்தால் பலூனின் வேகம் காற்றின் வேகத்தைவிடக் குறையும். அப்போது பாய் விரித்து ஓரளவு திசை திருப்பலாம். சிந்தனை கூர்மையானதே. ஆயினும் துருவப் பனி, சமதளமான மைதானம் அன்று.

1896இல் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுக் கூட்டத்தின் டேன்ஸ் தீவில் கொட்டகை அமைத்து, இரும்பையும் கந்தக அமிலத்தையும் கொண்டு ஹைட்ரஜன் உண்டாக்கிப் பலூனை நிரப்பினர். தென்காற்று வீசவேயில்லை. காத்திருந்த நாட்களில், உடன் செல்லவிருந்த வானிலை அறிஞர் நில்ஸ் ஏக்ஹோல்ம், பலூனிலிருந்து கசியும் வாயுவை நாள்தோறும் அளந்து வந்தார். பட்டுத் துணியைத் தைத்த ஊசித் துளைகள் எண்ணிலடங்கா. அவற்றின் வழியே வாயு ஒழுகிற்று. முப்பது நாள் மிதக்கும் என்று உறுதியளிக்கப்பட்ட பலூன் அவ்வளவு நாள் மிதவாது என்று அவர் கணக்கிட்டார். கப்பலில் ஊர் திரும்புகையில் இன்னொன்றும் அவருக்குத் தெரிய வந்தது: ஆந்த்ரே ஒருவருக்கும் சொல்லாமல் அவ்வப்போது பலூனில் வாயுவைக் கூட்டி நிரப்பச் செய்திருந்தார்! ஏக்ஹோல்ம் பயணத்தினின்று விலகிக்கொண்டார்.

இவ்விடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். விலகியவரைக் கோழை என்பதும் புறப்பட்டவரை வீரர் என்பதும் உலக வழக்கு. ஆந்த்ரேயிடம் துணிவு இல்லை என்று எவரும் கூறார். ஆனால், தம்மை வாழ்த்தி வழியனுப்பிய மக்கள்முன் சென்று “என் கணக்குப் பிழை” என்று சொல்லும் துணிவு வேறு. அது அவரிடம் இருக்கவில்லை. தம் உயிரை மட்டுமா அவர் பணயம் வைத்தார்? இருபத்து நான்கு வயது நில்ஸ் ஸ்ட்ரிண்ட்பெர்கும், இருபத்தேழு வயது க்னூட் ஃபிரெங்கெலும் அவரை நம்பியல்லவா ஏறினர்!

1897 ஜூலை 11ஆம் நாள் பலூன் எழுந்தது. எழுந்த சில நிமிடங்களிலேயே கடல்நீரைத் தொட்டது. இழுகயிறுகளின் பெரும்பகுதி திருகு கழன்று கரையிலேயே கிடந்தது. திசை திருப்பும் உபாயம் தொடக்கத்திலேயே போயிற்று. எடை குறைந்த பலூன் உயர ஏறி வாயுவை இழந்தது. பின்னர் மூடுபனியின் ஈரம் உறைந்து அதனைத் தாழ்த்தியது. பத்து மணி நேரத்திற்குச் சற்று அதிகமாக அது தடையின்றிப் பறந்தது. அதன்பின் பனித்தரையில் மோதி மோதிச் சென்று ஜூலை 14 அன்று நின்றுவிட்டது. அவர்கள் அனுப்பிய புறாக்களில் ஒன்று மட்டுமே மனிதர் கைக்கு எட்டியது. அதன் காலில் இருந்த, ஜூலை 13ஆம் நாளிட்ட கடிதம், யாவரும் நலம் என்றது.

பிறகு நடந்த துயரம் நெடியது. கிழக்கே நடந்தால், காலடியிலுள்ள பனிப்பாளம் மேற்கே மிதந்து சென்றது. நடந்த தொலைவெல்லாம் வீணாயிற்று. கரடி இறைச்சியே உணவு. செப்டம்பர் 4இல் ஸ்ட்ரிண்ட்பெர்குக்கு இருபத்தைந்தாவது பிறந்த நாள் வந்தது. அதற்கென்று எடுத்து வைத்திருந்த, அவருக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணின் கடிதத்தை ஆந்த்ரே அவர் கையில் கொடுத்தார். அக்டோபரில் க்விதோயா என்னும் பனி மூடிய சிறு தீவில் கரையேறினர். முதலில் ஸ்ட்ரிண்ட்பெர்க் இறந்தார். எஞ்சிய இருவரும் அவரைப் பாறை இடுக்கில் வைத்துக் கற்களால் மூடி அடக்கம் செய்தனர். அவ்விருவரை அடக்கம் செய்ய அங்கு எவரும் இல்லை.

முப்பத்து மூன்று ஆண்டுகள் உலகுக்கு ஒன்றும் தெரியாதிருந்தது. 1930 ஆகஸ்டில் நார்வே நாட்டினர் சிலர் தற்செயலாக அத்தீவில் இறங்கி, உடல்களையும் நாட்குறிப்பையும் கண்டெடுத்தனர்; பின்னர் புகைப்படச் சுருள்களும் கிடைத்தன. பனியில் கிடந்த அச்சுருள்களிலிருந்து தொண்ணூற்று மூன்று படங்கள் மீண்டன. சாய்ந்து கிடக்கும் பலூனை இருவர் நின்று நோக்கும் படம் அவற்றில் ஒன்று. அதனை எடுத்தவர் ஸ்ட்ரிண்ட்பெர்க். மூவரும் எதனால் மாண்டனர் என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒருமனப்படவில்லை. கரடி இறைச்சியிலிருந்த புழுக்களே காரணம் என்று 1952இல் ஒரு மருத்துவர் எழுதினார். குளிர் என்பாரும் உளர்.

ஸ்டாக்ஹோமில் அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடந்தது. ஊசித் துளைகளை எண்ணிப் பார்த்த ஏக்ஹோல்ம் அதனைக் காணவில்லை. ஸ்வீடனின் வானிலை நிலையத் தலைவராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற அவர், தம் நண்பர்கள் என்ன ஆயினர் என்று அறியாமலே, 1923இல் காலமாகியிருந்தார்.