சீரியல் போர்ட்

உஷ்ணம், ஈரப்பதம், அழுத்தம் முதலியவற்றை இடையறாது குறித்துவைக்கும் டேட்டா லாகரிலிருந்து கணினிக்கு எண்களைப் பிட் பிட்டாக, ஒன்றன்பின் ஒன்றாய் அனுப்பும் வாயில். 1960இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ஆர்எஸ்-232 நியமம் சுமார் 15 மீட்டர் தூரத்துக்கே உகந்ததாகலின், 1983இல் வந்த ஆர்எஸ்-485, முறுக்கிய இரட்டைக் கம்பியில் 1200 மீட்டர் வரை எட்டும் சக்தியுடையதாய், ஆலைகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் பிரதான ஸ்தானம் பெற்றது.

இக்காலக் கணினிகளில் இவ்வாயில் அருகிவிட்டமையால், சென்னையில் மயிலாப்பூர்வாசியும் அடையாறுவாசியும் அண்ணா சாலையையொட்டிய ரிச்சி தெருவுக்குச் சென்று யுஎஸ்பி மாற்றியொன்றை வாங்குவதே வழக்கம். அதைப் பொருத்தியபின், லாகரை இணைக்குமுன்னரே, ஒன்பது முனைச் செருகியின் 2, 3ஆம் முனைகளைச் சிறு கம்பியால் சேர்த்து, டெர்மினல் நிரலில் ஃப்ளோ கன்ட்ரோலை நிறுத்திச் சில எழுத்துக்களைத் தட்டவேண்டும்; அவை அப்படியே திரும்பிவரின் வாயில் பழுதற்றது. அற்ப நேர வேலைதான். இதைச் செய்யாமலே லாகரை நிந்திப்போர் அநேகர். லாகரை இணைத்தபின் எழுத்துக்கள் சிதைந்து வரின், இருபுறமும் பாட் ரேட் ஒன்றாயிருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

கடலோரக் காற்றின் உப்பு இணைப்புமுனைகளை அரிக்குமாதலால், இந்நகரில் அவற்றை அவ்வப்போது சோதித்தல் அவசியம். ஆர்எஸ்-485இல் நெடுங்கம்பியின் இரு கோடிகளில் மட்டும் 120 ஓம் மின்தடை வைக்கப்படும். ஏ, பி என்னும் முனைக்குறிகளை உற்பத்தியாளர் அனைவரும் ஒரேவிதமாய் இடுவதில்லை. பதில் வாராவிடில் முதலில் அவ்விரு கம்பிகளையும் மாற்றிப் பார்க்க.