சாப்பாட்டு அறைத் திரைச்சீலை

போன மாதம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு அறையைப் புதுப்பித்தோம். திரைச்சீலைக்கு மருமகள் கைப்பேசியில் காட்டிய துணியில் பூங்கொடி படர்ந்திருந்தது. "பிரெஞ்சு டிசைன் மாமா" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது.

அந்தப் பூவுக்குப் பிறந்த வீடு நம் சோழமண்டலக் கரை. பருத்தித் துணியில் சாயவேரின் சிவப்பும் அவுரியின் நீலமும் ஏற்றி, கையால் எழுதிய பூக்கள் அவை. பதினேழாம் நூற்றாண்டில் கப்பலேறிப் போய், பிரெஞ்சு வீடுகளில் கட்டிலிலும் சுவரிலும் தொங்கின. துவைத்தாலும் சாயம் போகாதது அவர்களுக்கு அதிசயம். அங்கிருந்த பட்டு, கம்பளிக்காரர்கள் முறையிட, 1686இல் அரசு தடை போட்டது. 1759 வரை தடை இருந்தது; ஆசை அடங்கவில்லை. தடை நீங்கியதும், 1760இல், ஓபர்காம்ப் என்பவர் வெர்சாய் அருகே ழூயி என்ற ஊரில் துணி அச்சடிக்கும் பட்டறை தொடங்கினார். மருமகள் காட்டியது அந்த 'தொய்ல் த ழூயி' வகைதான்.

பள்ளியில் பதினான்காம் லூயியின் போர்களைப் பிரெஞ்சில் வரிசையாக ஒப்பித்திருக்கிறேன். நம் துணிக்கு அவர் போட்ட தடையை அப்போது யாரும் சொல்லித் தரவில்லை.

கதையைக் கேட்ட மருமகள், காளஹஸ்தி கலம்காரித் துணி வாங்கித் திரை தைக்கக் கொடுத்தாள். நானும் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அம்மா கையால் பூப்போட்ட மேசைவிரிப்பை, கறை படும் என்று முப்பது வருடமாகப் பூட்டி வைத்திருந்தேன். விரித்த முதல் நாளே பேரன் சாம்பாரைச் சிந்தினான்.

துவைத்துப் போட்டேன். பூ அப்படியே இருக்கிறது.