பத்து வெள்ளிக்கு ஒரு பெயர்

பினாங்கில் பதினேழு வயதுப் பிள்ளை கார் லைசென்ஸ் எடுத்துவிட்டால், வீட்டுக் காரின் காப்புறுதியில் அந்தப் பெயரைச் சேர்க்க ஆகும் செலவு வழக்கமாகப் 10 ரிங்கிட், பேச்சு வழக்கில் பத்து வெள்ளி. இரண்டு பெயர்கள் வரை அதையும் கேட்காத கம்பெனிகள் பல. லண்டனில் இருக்கும் உறவுக்காரரிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார். அங்கே பதின்வயதுப் பெயர் ஒன்று ஏறினாலே குடும்பத்தின் பிரிமியம் எகிறிவிடும். சென்னையில் இருக்கும் உறவுக்காரருக்கு வேறு விதமான வியப்பு. அங்கே பாலிசியில் ஓட்டுநர்களைப் பெயர் சொல்லி எழுதும் வழக்கமே இல்லை. செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ள எவர் ஓட்டினாலும் சரிதான்.

மலேசியாவில் பெயரும் எழுத வேண்டும், விலையும் பெரிதாக ஏறாது. இந்த விநோத ஏற்பாடு ஒரே நாளில் வந்ததல்ல. ஆங்கிலேயச் சட்டம், 1978இல் போடப்பட்ட ஒரு விலைப்பட்டியல், 1985இல் திறந்த ஒரு பாலம் எல்லாம் அதில் சேர்ந்திருக்கின்றன.

காப்புறுதித் தொழில் பினாங்குக்குக் காரோடு வந்ததல்ல, கப்பலோடு வந்தது. துறைமுகப் பட்டணத்தில் சரக்கு கடலில் மூழ்கும், கிட்டங்கி தீப்பற்றும். அந்த இரண்டு பயத்துக்கும்தான் முதலில் பத்திரம் எழுதினார்கள். 1885இல் ஜார்ஜ்டவுனின் சீன வணிகக் குடும்பங்கள் கூடி கியான் குவான் காப்புறுதிக் கம்பெனியைத் தொடங்கின. ஐரோப்பியரின் ஏஜென்சி ஹவுஸ்களும் ஒரு கையில் ரப்பர், ஈய வியாபாரமும் மறு கையில் இங்கிலாந்துக் காப்புறுதிக் கம்பெனிகளின் முகவாண்மையுமாக நடந்தன. அந்தக் காலத்து அலுவலகங்களில் பேரேடு எழுதிய கிராணிகளில் தமிழர்களும் இருந்தார்கள்.

நகரின் தெருக்களில் 1906 முதல் மின்சார டிராம் ஓடியது. 1925இல் டிராலி பஸ் வந்தது. ரிக்‌ஷாவும் மாட்டு வண்டியும் அவற்றோடு முட்டிமோதிக்கொண்டிருந்தன. கார் என்பது தவுக்கே எனப்படும் சீன முதலாளிகளுக்கும் தோட்டத் துரைமார்களுக்கும் உரிய பொருள். அதை ஓட்டச் சம்பள டிரைவர் இருப்பார். வீட்டுப் பிள்ளை ஸ்டியரிங்கைப் பிடிப்பதைப் பற்றி எந்தக் கம்பெனியும் பெரிதாகக் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை.

கவலையைச் சட்டமாக்கியது இங்கிலாந்து. கார் மோதி அடிபட்டவருக்கு இழப்பீடு கிடைக்க வேண்டுமென்று 1930இல் அங்கே மூன்றாம் நபர் காப்புறுதியைக் கட்டாயமாக்கினார்கள். கம்பெனிகள் உடனே பாலிசியில் குறுக்கு நிபந்தனைகளைத் திணிக்கத் தொடங்கின. ஓட்டியவர் வயதில் குறைந்தவர், வண்டியில் ஆள் அதிகம், வண்டி சரியான நிலையில் இல்லை என்று ஏதாவது ஒரு காரணம். 1934ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் காரணங்களை வரிசையாக எழுதி, அடிபட்டவருக்கு எதிராக அவை செல்லாது என்றது. வரிசையின் தொடக்கத்திலேயே ஓட்டுநரின் வயது இருந்தது.

இந்த அச்சு மலாயாவிலும் பதிந்தது. 1958ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்துக்குப் பிறகு வந்த 1987ஆம் ஆண்டுச் சட்டம், 1988 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. காப்புறுதி இல்லாமல் வண்டி ஓட்டுவதும் ஓட்ட விடுவதும் குற்றம் என்கிறது அதன் 90ஆவது பிரிவு. 1,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அதோடு லைசென்ஸும் போகும். "ஓட்ட விடுவது" என்பதில் சாவியை நீட்டிய அப்பாவும் அடங்குவார். 95ஆவது பிரிவு பழைய 1934 வரிசையை வழிமொழிகிறது. ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கிளிங்கில் ஒரு பாதசாரியைக் கார் இடித்துத் தள்ளினால், ஓட்டியவனுக்குப் பதினெட்டுதான் ஆகிறது என்று சொல்லிக் கம்பெனி தப்ப முடியாது. காப்புறுதியே இல்லாத வண்டி இடித்துவிட்டாலும் அடிபட்டவர் நிர்க்கதியாகிவிடக் கூடாது என்பதற்காக 1968இலேயே மோட்டார் காப்புறுதியாளர் பீரோ ஒன்றை அமைத்திருந்தார்கள்.

ஆக, வெளியாளுக்குக் கொடுக்க வேண்டிய நஷ்டஈட்டில் வயதைக் காட்டி விலக முடியாது. பிரிமியத்திலாவது வயதைக் காட்டலாமே என்றால், அந்தக் கதவை 1978இல் அடைத்தார்கள்.

அந்த ஆண்டு வந்த மோட்டார் விலைப்பட்டியலை 'டாரிஃப்' என்பார்கள். நாட்டின் எல்லாக் கம்பெனிகளிலும் ஒரே விலை. கார் எத்தனை சிசி, சந்தையில் என்ன மதிப்பு, தீபகற்பத்தில் ஓடுகிறதா சபா சரவாக்கிலா, இவ்வளவுதான் கேள்வி. உரிமையாளருக்கு வயது 19 என்றாலும் 59 என்றாலும் அடிப்படை விலை ஒன்றே. ஆணா பெண்ணா, ஆயர் ஈத்தாமில் குடியிருக்கிறாரா புலாவ் திக்குஸில் குடியிருக்கிறாரா என்பதெல்லாம் கணக்கில் வராது. அடிப்படை விலையை மாற்றக்கூடிய ஒரே பெரிய விஷயம் என்சிடி, அதாவது கிளெய்ம் செய்யாதவருக்குக் கிடைக்கும் கழிவு. முதல் வருஷம் முடிந்தால் 25 விழுக்காடு, பிறகு 30, 38.33, 45, ஐந்தாம் வருஷ முடிவில் 55. அதற்கு மேல் ஏறாது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் குடும்பங்கள் ஏன் பிள்ளை ஓட்டும் காரையும் அப்பா பெயரிலேயே வைத்துக்கொண்டன என்பது விளங்கும். டாரிஃபின் கடைசிக் கட்ட விலையில், 1400 சிசிக்கு உட்பட்ட காருக்கு மதிப்பின் முதல் 1,000 வெள்ளிக்கு 273 வெள்ளி 80 காசு. அதற்கு மேல் ஒவ்வோர் ஆயிரத்துக்கும் 26 வெள்ளி. 30,000 வெள்ளி மதிப்புள்ள ஒரு பெரோடுவா மைவி கார் என்றால் 1,027 வெள்ளி 80 காசு வரும். அப்பாவிடம் 55 விழுக்காடு இருந்தால் அவர் கட்டுவது 462 வெள்ளி 51 காசு. அதே காரை மகன் பெயரில் பதிந்தால் கழிவு பூஜ்யம்; முழு 1,027.80. வரியும் முத்திரைக் கட்டணமும் தனி. இடைவெளி 565 வெள்ளிக்கு மேல். அப்பா பெயரிலேயே காரை வைத்து மகனின் பெயரைச் சேர்த்தாலோ பத்து வெள்ளி.

எனவே, ரோட் டாக்ஸும் இன்சூரன்ஸும் புதுப்பித்துத் தரும் கடைகளில் இந்தப் பேச்சு எத்தனையோ முறை நடந்திருக்கும்.

"யார் யார் ஓட்டுவாங்கண்ணே?"

"நானும் வீட்டுக்காரியும். இப்போ பையனும் லைசென்ஸ் எடுத்துட்டான். அவன் பேரையும் போட்டுரு தம்பி."

அடையாள அட்டை எண்ணைத் தட்டினால் போதும், வேலை முடிந்தது. முன்பெல்லாம் கார்பன் வைத்துக் கையால் எழுதிய கவர் நோட்டை எடுத்துக்கொண்டு சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் கவுண்டருக்குப் போக வேண்டியிருந்தது. இப்போது அந்தத் தகவல் கணினி வழியாகவே ஜேபிஜேக்குப் போய்விடுகிறது. 2023 பிப்ரவரி முதல் தனியார் கார்களின் கண்ணாடியில் ரோட் டாக்ஸ் வில்லை ஒட்டத் தேவையில்லை என்றும் ஆகிவிட்டது.

ஆனால் அந்தப் பத்து வெள்ளி எதை வாங்கித் தந்தது? இங்கேதான் பாலிசியின் பொடி எழுத்தைப் படிக்க வேண்டும். காரைப் பழுது பார்க்கக் கிளெய்ம் செய்யும்போது, முதல் 400 வெள்ளியை உரிமையாளரே கட்ட வேண்டிய சந்தர்ப்பங்கள் மூன்று. ஓட்டியவர் 21 வயதுக்குக் கீழ் இருந்தால். அவர் கையில் பழகுநருக்கான 'எல்' அல்லது புதியவருக்கான 'பி' லைசென்ஸ் இருந்தால். அவர் பெயர் பாலிசியில் இல்லாவிட்டால். மூன்றில் ஒன்று இருந்தாலே போதும். பதினெட்டு வயதுப் பையனின் பெயரைச் சேர்ப்பதால் மூன்றாவது காரணம் மட்டும்தான் போகிறது. முதல் இரண்டும் அப்படியே நிற்கின்றன. ஒர்க்ஷாப்பில் அந்த 400 வெள்ளியை எப்படியும் வைத்தாக வேண்டும். பிரிமியத்தில் ஏறாத வயது, கார் நசுங்கிய பிறகு பில்லில் ஏறும்.

வயதைப் பற்றி மலேசியாவின் சட்டங்களுக்குள்ளும் ஒரே பேச்சு இல்லை. 16 வயதில் மோட்டார் சைக்கிள் ஓட்டலாம். 17இல் கார். 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 ஆனால் வயது வந்தவர். ஓட்டுப் போட மட்டும் 21 வரை காத்திருக்க வேண்டியிருந்தது; 2019இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, 2021 டிசம்பரில் அதையும் 18க்கு இறக்கினார்கள். நாடாளுமன்றத்துக்கு ஆளை அனுப்பத் தகுதி பெற்ற அதே பிள்ளை, காப்புறுதிப் பாலிசியில் இன்னும் மூன்று வருஷம் சின்னப் பிள்ளைதான்.

லைசென்ஸ் முறையும் வயதைத் தன் வழியில் பார்க்கிறது. கேபிபி எனப்படும் ஓட்டுநர் கல்வி வகுப்பில் உட்கார வேண்டும், 50 கேள்விகளில் 42க்குச் சரியாக விடை சொல்ல வேண்டும், பிறகு 'எல்'. மேட்டில் காரை நிறுத்தி, பின்னால் உருளாமல் மீண்டும் எடுக்கும் அந்த ஒரு நிமிடத்துக்காகவே பல பிள்ளைகளுக்கு முந்தைய இரவு தூக்கம் வராது. தேறினால் இரண்டு வருஷத்துக்குத் தற்காலிக லைசென்ஸ். காரின் முன்னும் பின்னும் 'பி' ஒட்டியிருக்க வேண்டும். புதியவர்களைப் படிப்படியாகச் சாலைக்குள் விடும் முறையை நியூசிலாந்து 1987இல் தொடங்கியது. அமெரிக்க மாநிலங்கள் 1996க்குப் பிறகு ஒவ்வொன்றாகப் பின்பற்றின. அங்கெல்லாம் இரவு நேரத்தில் ஓட்டுவதற்கும் நண்பர்களை ஏற்றிக்கொள்வதற்கும் தடைகள் உண்டு.

நண்பர்கள் என்றதும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தனியார் காரில் சும்மா ஏறி வருகிறவருக்கு அடிபட்டால் அதற்கும் காப்புறுதி இருக்க வேண்டுமென்று மலேசியச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. அதற்குத் தனிப் பணம் கட்டி, பயணிகளுக்கான சட்டப் பொறுப்பு என்ற கூடுதல் பாதுகாப்பை வாங்க வேண்டும். பத்து ஃபெரிங்கி கடற்கரைக்கு நண்பர்களோடு கிளம்பும் பிள்ளையின் பெயரை மறக்காமல் சேர்க்கும் பெற்றோர் பலர், இதைக் கேட்க மறந்துவிடுகிறார்கள்.

இந்தப் பேச்செல்லாம் பரவலாகக் காரணம் கார் எல்லார் வீட்டுக்கும் வந்ததுதான். 1985 வரை காரோடு தீவைவிட்டுப் போக ஃபெரி மட்டுமே வழி. அந்த ஆண்டு ஆகஸ்ட் 3ஆம் தேதி, பிரதமர் மகாதீர் ஒரு புரோட்டோன் சாகாவை ஓட்டிக்கொண்டு 13.5 கிலோமீட்டர் பினாங்குப் பாலத்தைத் திறந்துவைத்தார். சாகா தொழிற்சாலையிலிருந்து வெளிவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. 1994இல் 660 சிசி பெரோடுவா கஞ்சில் வந்தது, 2005இல் மைவி. அதுவரை கப்சாய் மோட்டார் சைக்கிள் வைத்திருந்த வீடுகளில் கார் நின்றது. சில வருஷத்தில் இரண்டாவது காரும் நின்றது. இருந்தாலும் மலேசியச் சாலைகளில் உயிரிழப்போரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இன்றும் மோட்டார் சைக்கிளில் போகிறவர்களே. பதினாறு வயதுப் பையனின் கப்சாய், அப்பாவின் காரைவிடப் பெரிய ஆபத்து.

விலைப்பட்டியல் மலிவாக இருந்ததால் நஷ்டம் மறையவில்லை, இடம் மாறியது. மூன்றாம் நபர் காப்புறுதியில் வந்த பிரிமியத்தைவிடக் கொடுத்த இழப்பீடு அதிகம். கம்பெனிகள் டாக்சியையும் லாரியையும் பழைய மோட்டார் சைக்கிளையும் கண்டாலே ஒதுங்கின. அவற்றுக்காக 1992இல் எல்லாக் கம்பெனிகளும் பங்கேற்கும் ஒரு பொதுத் திட்டத்தைத் தொடங்க வேண்டியதாயிற்று. 1978இன் விலைகளை முப்பது வருஷத்துக்கு மேல் பெரிதாகத் தொடவில்லை. 2012இலிருந்துதான் படிப்படியாக ஏற்றினார்கள். 2016 ஜூலை 1இல் புதிய வகைப் பாலிசிகளுக்கு வழிவிட்ட மத்திய வங்கியான பேங்க் நெகாரா, 2017 ஜூலை 1 முதல் முழுக் காப்புறுதிக்கும், தீ மற்றும் திருட்டோடு சேர்ந்த மூன்றாம் நபர் காப்புறுதிக்கும் கம்பெனிகளே விலை வைத்துக்கொள்ளலாம் என்றது. வெறும் மூன்றாம் நபர் காப்புறுதியை மட்டும் பட்டியலுக்குள்ளேயே வைத்தது.

அதன் பிறகு வயதும் கேள்வித்தாளுக்குள் நுழைந்தது. ஒரே காருக்கு இரண்டு கம்பெனிகள் இரண்டு விலை சொல்கின்றன; உரிமையாளரின் வயது, பழைய கிளெய்ம், கார் திருட்டுப் போகும் வாய்ப்பு எல்லாம் பார்க்கின்றன. எவர் ஓட்டினாலும் பாதுகாப்பு என்று பெயர்க் கட்டத்தையே எடுத்துவிட்ட பாலிசிகளும் கிடைக்கின்றன. அப்பா பெயரில் காரை வைத்துப் பிள்ளை ஓட்டும் பழக்கம் அதனால் இன்னும் உறுதிப்படுகிறதே தவிரத் தளரவில்லை.

அந்தப் பழக்கத்தின் செலவு இரண்டு இடத்தில் வருகிறது. பிள்ளை இடித்துவிட்டு அப்பா கிளெய்ம் செய்தால், ஐந்து வருஷம் சேர்த்த 55 விழுக்காடு அடுத்த புதுப்பிப்பில் பூஜ்யமாகும். மேலே சொன்ன மைவி கணக்கில் அந்த 565 வெள்ளி, கட்டாயத் தொகையான 400ஐ விட அதிகம். சின்ன நசுங்கலை ஒர்க்ஷாப்பில் கைக்காசு கொடுத்துப் பேசி முடிப்பதற்கு இதுவே காரணம். இரண்டாவது செலவு மெதுவாக வரும். என்சிடி பாலிசிதாரருக்குத்தான் சேரும், பெயர் சேர்க்கப்பட்டவருக்குச் சேராது. பத்து வருஷம் அப்பாவின் காரை ஒரு கீறலும் இல்லாமல் ஓட்டிய மகள், இருபத்தெட்டு வயதில் வேலை கிடைத்துச் சொந்தக் கார் வாங்கும்போது பூஜ்யத்திலிருந்தே தொடங்குகிறாள். அதனால் இப்போது சில பெற்றோர் வீட்டில் நிற்கும் பழைய கஞ்சிலைப் பிள்ளையின் பெயருக்கு மாற்றி, பட்டியல் விலையிலேயே மூன்றாம் நபர் காப்புறுதி எடுத்துவிடுகிறார்கள். கழிவு காருக்கு அல்ல, ஆளுக்கு உரியது. ஐந்து வருஷம் கழித்துப் பிள்ளை புதுக் கார் வாங்கும்போது அந்த 55 விழுக்காட்டைக் கூடவே கொண்டுபோகலாம்.