நடக்கக் கூடாத காட்டில் நடந்தவர்கள்

கடைசிப் பேப்பர் எழுதி முடித்த கையோடு வெளிக்கிட்ட பயணம் இது. ஆட்கள் ஐந்து பேர், வான் ஒன்று. வான் எங்களில் ஒருத்தனின் மாமாவுடையது. பின் சீற்றுகளைக் கழற்றி மெத்தை போட்டு, காஸ் அடுப்பும் இரண்டு கான் தண்ணீரும் ஏற்றியதும் அது எங்கள் கண்ணுக்கு வெளிநாட்டுக்காரர் யூரியூப்பில் காட்டும் வான் மாதிரியே தெரிந்தது. திட்டமும் லேசானதுதான்: பொத்துவில், பாணமை, குமனை, பிறகு சுற்றிப் போய் யாலை. பறவை பார்க்கிறது, காட்டுக்குள் நடக்கிறது.

பறவை பார்த்தோம். நடக்கத்தான் கிடைக்கவில்லை.

குமனைப் பூங்காவுக்கு உகந்தையில்தான் ரிக்கெற் எடுக்க வேணும். முருகன் கோயிலும் பூங்கா வாசலும் கிட்டக் கிட்ட. எங்கள் வானின் அடிப்பகுதி தாழ்வு எண்டதால் ஜீப் பிடித்தோம். உள்ளே போனால் ஜீப்பை விட்டு இறங்கக் கூடாது. சொல்லப்பட்ட இடங்களில் மட்டும் இறங்கலாம். எங்களோடு வந்த களுவாஞ்சிகுடித் தோழிக்கு இது விளங்கவே இல்லை. "எங்கட அம்மம்மா இதுக்குள்ளால மூண்டு தரம் நடந்து போனவ. நாங்க மட்டும் ஏன் இறங்கக் கூடாது?" எண்டு கேட்டாள். ஜீப் ஓடிய அண்ணன் சிரித்துவிட்டு, "அது ஆடிக்கு, தங்கச்சி. இப்ப ஆனிதானே" எண்டார்.

இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்தப் பதில்தான். ஒரே காடு, ஒரே பாதை. வருடத்தில் சில நாட்களுக்கு அது யாத்திரை வழி, மற்ற நாட்களில் தடைசெய்யப்பட்ட நிலம். இது எப்படி வந்தது எண்டு திரும்பி வந்து வாசித்தோம்.

வடக்கே தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில் தொடங்கி முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, திருக்கோவில் எண்டு கிழக்குக் கரையோரம் இறங்கி வரும் கதிர்காமப் பாதயாத்திரைக்கு, உகந்தைதான் கடைசி ஊர். அதற்குப் பிறகு காடு. குமனையைத் தாண்டி, கும்புக்கன் ஆற்றைக் கடந்து, வியாழை, கட்டகாமம் எண்டு நடந்தால் கதிர்காமம். அம்மம்மா போன காலத்தில் இந்தக் காட்டுப் பகுதிக்கு மட்டும் ஐந்தாறு நாள் எடுத்ததாம். அரிசி, கருவாடில்லாத சமையல், தலையில் பொட்டலம். இலங்கைத் தமிழருக்கு ‘ஹைக்கிங்’ எண்டு ஒன்று இருந்திருந்தால் அது இதுதான். ஆனால் யாரும் அதை அந்தப் பெயரால் கூப்பிடவில்லை.

நடக்கிறவர்களுக்கு அரசாங்கம் சீட்டுக் கொடுக்கத் தொடங்கியதும் இன்று நேற்று இல்லை. 19ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலிருந்தும் ஆட்கள் கூட்டம் கூட்டமாகக் கதிர்காமம் வந்தார்கள். வாந்திபேதியும் சேர்ந்து வரும் எண்டு பிரித்தானியருக்குப் பயம். கோப்பித் தோட்டங்களில் வேலைக்கு ஆள் வேணுமே. 1870களில் அனுமதிச்சீட்டு முறை கொண்டுவந்து யாத்திரிகர் தொகையைக் கட்டுப்படுத்தினார்கள். அப்போது காரணம் நோய். விலங்குகள் காரணமாக வந்தது அதற்குப் பிறகுதான்.

விலங்குகளைக் காப்பாற்ற முதலில் கிளம்பியவர்கள் வேட்டைக்காரர்கள். இது கேலியாகச் சொல்வதில்லை. 1894இல் இலங்கையில் தொடங்கிய சங்கத்தின் பெயரே வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம். மலைநாட்டுத் தோட்டத் துரைமாரும் அதிகாரிகளும் சுட்டுச் சுட்டு மிருகம் குறைந்துபோக, மிச்சம் இருப்பதையாவது காக்க வேணும், இல்லாவிட்டால் நாளைக்குச் சுட ஒன்றும் இருக்காது எண்ட கணக்கு. 1900இல் யாலை சரணாலயமானது. அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு துண்டை உரிமம் எடுத்த துரைமார் வேட்டையாட ஒதுக்கினார்கள். சேனை செய்து, பயிரைத் தின்ன வந்த மானைச் சுட்டுச் சாப்பிட்ட ஊராளுக்கு அதற்குப் பிறகு ஒரு புதுப்பெயர்: களவாக வேட்டையாடுபவன்.

அந்தச் சரணாலயத்தைக் காக்கப் போட்ட ஆளின் கதை எங்களை இரண்டு இரவு தூங்கவிடவில்லை. பெயர் ஹென்ரி எங்கல்பிரெக்ட். தென்னாபிரிக்காவில் பிரித்தானியரோடு சண்டைபிடித்த போயர். 1900இலிருந்து போயர் கைதிகளைக் கப்பலில் ஏற்றி இலங்கைக்குக் கொண்டுவந்து தியத்தலாவை முகாமில் அடைத்தார்கள், ஏறத்தாழ ஐயாயிரம் பேர். 1902இல் யுத்தம் முடிந்தது. பிரித்தானிய முடிக்கு விசுவாசமாக இருப்பதாகச் சத்தியம் செய்தால் ஊருக்குப் போகலாம். கிட்டத்தட்ட எல்லோரும் செய்தார்கள், போனார்கள். மறுத்த சிலரில் எங்கல்பிரெக்டும் ஒருவர். திரும்ப ஊரில்லாத அந்த மனிதர் அம்பாந்தோட்டைப் பக்கம் தங்கிவிட்டார். 1908 அளவில் யாலையின் முதல் காவலராக நியமிக்கப்பட்டார். எந்த முடிக்குச் சத்தியம் செய்ய மாட்டேன் எண்டாரோ, அதே முடியின் காட்டைக் காக்கும் சம்பள வேலை.

அதே 1908இல் தான் லெனாட் வூல்ஃப் அம்பாந்தோட்டைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்தார். 1911 வரை இருந்தார். கதிர்காமத் திருவிழாக் கூட்டத்தை மேற்பார்வை செய்ததும் அவர்தான். பிற்காலச் சுயசரிதையில் எங்கல்பிரெக்டைப் பற்றி எழுதியிருக்கிறார். 1913இல் வந்த அவருடைய நாவல் இந்தக் காட்டோரத்துச் சேனைக் கிராமம் ஒன்று அழிவதைப் பற்றியது. சட்டத்தைக் கொண்டுபோய் ஊருக்குள் இறக்கிய அதிகாரியே அந்தச் சட்டம் ஊருக்கு என்ன செய்தது எண்டும் எழுதினார். வூல்ஃபை நல்லவர் வரிசையில் வைப்பதா எண்டு வானுக்குள் பெரிய சண்டை. தீரவில்லை.

1914இல் முதலாம் உலகப்போர். ஜெர்மன் கப்பல் எம்டன் வங்காள விரிகுடாவில் திரிந்து சென்னைக்குக் குண்டு போட்டது. தமிழில் இன்றைக்கும் கெட்டிக்காரப் பேர்வழியை ‘சரியான எம்டன்’ எண்டு சொல்கிறோமே, அதே கப்பல்தான். அந்தக் கப்பலுக்கு யாலைக் கரையிலிருந்து இறைச்சி கொடுத்தார் எண்ட சந்தேகத்தில் எங்கல்பிரெக்டைப் பிடித்துக் கண்டியில் அடைத்தார்கள். பிறகு விட்டார்கள். சந்தேகம் பொய் எண்டும் பின்னால் தெரியவந்தது. அதற்குள் அவருக்குப் போனது போனதுதான். 1922இல் இறந்தார். சந்தேகத்தின் பேரில் உள்ளே போன ஆட்களைப் பற்றி எங்கள் வீடுகளிலும் கதை உண்டு எண்டதால் இந்தப் பக்கத்தை நாங்கள் கொஞ்சம் மெதுவாக வாசித்தோம்.

1937இல் தாவர, விலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1938இல் யாலையும் வில்பத்துவும் தேசியப் பூங்காக்களாயின. குமனை பறவைச் சரணாலயமானதும் அதே வருடம். 1970இல் அந்தப் பக்கம் யாலை கிழக்குப் பூங்கா எண்டானது. 2006இல் தான் குமனை எண்டு பெயர் மாறியது. குமனை முதலில் ஒரு ஊரின் பெயர். 1818 கலவரத்தில் ஊவாப் பக்கமிருந்து தப்பி வந்தவர்களின் வழிவந்த ஆட்கள் அங்கே இருந்ததாகச் சொல்வார்கள். இப்போது அந்தப் பெயரைக் கேட்டால் எல்லோருக்கும் ஞாபகம் வருவது பறவைதான். போரால் 1985 முதல் 2003 வரை பூங்கா பூட்டிக் கிடந்தது. யாத்திரையும் பல வருடங்கள் தடைப்பட்டது.

பறவைகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் ஏமாற்று வேலை. குமனை வில்லில் கண்டல் மரங்கள் முழுக்கக் கூடுகள். மே, ஜூன்தான் கூடு கட்டும் காலம். கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன். எல்லாம் ஒரே மரத்தில் அடுக்குமாடி வீடு மாதிரி. சத்தமும் நாற்றமும் படத்தில் வராது. கருங்கழுத்து நாரையைக் காணவில்லை. நாட்டிலேயே மிக அரிது எண்டதால் பெரிய எதிர்பார்ப்பும் இல்லை. ஆள்காட்டிக் குருவி ஜீப்பைக் கண்டு கத்தியபோது தோழி சொன்னாள்: அம்மம்மா ஆட்களுக்கு அதுதான் காவல். அது இரவில் கத்தினால் யானை கிட்ட எண்டு அர்த்தம். யானை எண்ட சொல்லைக் காட்டுக்குள் வாயில் எடுக்க மாட்டாவாம், "பிள்ளையார் வாறார்" எண்டுதான் சொல்வா. எங்கள் கையில் இருந்த பைனாகுலருக்கும் பறவைப் புத்தகத்துக்கும் அந்த அறிவு இல்லை.

இதையெல்லாம் சொல்லி, பூங்காவைத் திறந்து விடுங்கோ எண்டு கேட்கிறோமா? இல்லை. பல்லாயிரம் பேர் நடந்து முடிந்த பிறகு ஆற்றங்கரையில் கிடக்கும் பிளாஸ்ரிக்கை அந்த அண்ணன் கைத்தொலைபேசியில் காட்டினார். எங்களால் வாதாட முடியவில்லை. ஆனால் ஒவ்வொரு வருடமும் காட்டுக் கதவு எப்போது திறக்கும், எத்தனை நாள் எண்டு கூட்டம் வைத்து அறிவிக்கும்போது, அந்தப் பாதை பூங்காவை விடப் பழையது எண்ட நினைப்பு மேசையில் இருக்கிறதா எண்டுதான் எங்களுக்குச் சந்தேகம். வேட்டைக்காரருக்கு ஒரு துண்டு ஒதுக்கத் தெரிந்த சட்டத்தின் வாரிசுதானே இது.

யாலைக்குக் குமனைக்குள்ளால் வாகனத்தில் போக முடியாது. சியம்பலாண்டுவ, மொனராகலை, புத்தல எண்டு பெரிய வட்டம் அடித்து, இரவு கதிர்காமத்தில் மாணிக்க கங்கைக்குக் கிட்ட வானை நிறுத்திப் படுத்தோம். தோழி அம்மம்மாவுக்குக் கோல் எடுத்து, பார்த்த பறவைகளின் பட்டியலை ஒன்று விடாமல் வாசித்தாள். அம்மம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு கேள்விதான் கேட்டா.

"அது சரி மனே, வியாழையில தண்ணி கிடக்கா?"

எங்களில் ஒருவருக்கும் தெரியாது.