உப்புத் தண்ணியும் நாலாம் கை வேனும்

மாருதி வேனுக்கு வரலாறு எழுதுறவங்க சுருக்கமா முடிச்சிடுவாங்க. 1984-ல வந்துச்சு, 796 சிசி, மூணு சிலிண்டர், 1988-ல ஆம்னின்னு பேரு, 2019-ல தயாரிப்பு நிறுத்தம். அவ்ளோதான். ஆனா இந்த மாதிரி வேன்களோட பாதி ஆயுசு முதல் ஓனர் வித்த பிறகுதான் ஆரம்பிக்குது. அந்த மீதிக் கதை எங்க கரிசக்காட்டுல நிறைய இருக்கு.

1994-ல டாடா சுமோ, 2000-ல குவாலிஸ்னு பெரிய வண்டிகளா வந்ததும், பழைய வேன்கள் கை மாறி கை மாறி அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் வந்து சேர்ந்துச்சு. எங்க சித்தப்பாகிட்டயும் ஒண்ணு இருந்துச்சு (கம்பெனி பேரு எதுக்கு, விடுங்க). அவர் நாலாவது ஓனர். எட்டு பேர் வண்டியில காதுகுத்துக்குப் பன்னெண்டு பேர் போவோம். இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில. வண்டி நின்னா முதல்ல சித்தி எந்திரிக்கணும், அப்புறம்தான் இன்ஜினைப் பார்க்கவே முடியும் :-)

மதுரை சுமார் 50 கிலோமீட்டர்தான். காரியாபட்டி தாண்டுறதுக்குள்ள ஹீட் ஆகி நின்னுடும். இது வண்டியோட கோளாறுன்னுதான் எல்லாரும் திட்டுவாங்க. உண்மையில கோளாறு தண்ணியில.

வெந்நீர் அண்டாவுல வெள்ளையா ஒரு பொருக்கு படியும் பார்த்திருக்கீங்களா? போர் தண்ணியில இருக்கிற கால்சியம், மெக்னீசியம் உப்பு அது. ரேடியேட்டர்லயும் அதேதான் படியும். ஆனா அங்க இருக்கிறது அண்டா இல்ல, சன்னக் குழாய்கள். அடைச்சுக்கும். சூடு வெளியேறாது. அலுமினிய ஹெட் வளையும், கேஸ்கெட் போகும், ஆயில்ல தண்ணி கலந்து மோர் மாதிரி ஆயிடும். மெக்கானிக் ஹெட்டைக் கழட்டி லேத்துல ஃபேசிங் பண்ணி மாட்டுவார். 'நம்ம வெயிலுக்கு இது எதுக்கு'ன்னு தெர்மோஸ்டாட் வால்வையும் தூக்கி எறிஞ்சிடுவார். அப்புறம்? மறுபடியும் அதே போர் தண்ணிதான். அடுத்த கோடையில மறுபடியும் ஹெட் வேலை.

இது புதுசா கண்டுபிடிச்ச சங்கதியும் இல்ல. நீராவி இன்ஜின் காலத்துலயே பாய்லர்ல உப்பு படியுறது ரயில்வேக்குப் பெரிய தலைவலி. மருந்து போட்டு, தண்ணியை மென்மையாக்கித்தான் ஊத்தினாங்க. காருக்குக் கூலன்ட் வந்துச்சு. 1920-கள்ல அமெரிக்காவுல, பனியில தண்ணி உறையாம இருக்க எத்திலீன் கிளைகால் விற்பனைக்கு வந்துச்சு. அது கொதிநிலையையும் கூட்டும், அதோட சேர்க்கிற மருந்து துருவையும் தடுக்கும். ஆனா பனியே பார்க்காத ஊர்ல அதைக் காசு கொடுத்து யார் வாங்குவா?

சரி, நல்ல தண்ணியாவது ஊத்தலாமே? அங்கதான் விஷயமே இருக்கு. குடிக்கிற தண்ணியைக் குடம் இவ்வளவுன்னு காசு கொடுத்து வாங்குற வீடு. மனுசனுக்கு நல்ல தண்ணி, வண்டிக்கு உப்புத் தண்ணி. இந்தக் கணக்குல எனக்கு ஒரு தப்பும் தெரியலை.

ஒரு ராத்திரி அப்பத்தாவுக்கு நெஞ்சுவலி. மதுரைக்குக் கிளம்பினோம். பாதி வழியில முள்ளு சிவப்பைத் தொட்டுடுச்சு. வண்டியை ஓரங்கட்டி, ஆறவிட்டு, மூடியைத் திறந்து, அப்பத்தாவுக்குன்னு கொண்டு வந்த ரெண்டு பாட்டில் நல்ல தண்ணியையும் ரேடியேட்டர்ல ஊத்தினார் சித்தப்பா. அப்பத்தாதான் சொல்லுச்சு, "அதுக்கு ஊத்துடா, எனக்குத் தாகமில்ல"ன்னு. போய்ச் சேர்ந்தோம். பொழைச்சுக்கிச்சு.

15 வருசமான காருக்கு மறுபதிவுக் கட்டணம் 2022 ஏப்ரல்ல 600 ரூபாயில இருந்து 5000 ஆச்சு. பழசைக் கழிச்சுக் கட்டணும்கிறதுக்குக் காரணம் இருக்கு, புகை இருக்கு, பாதுகாப்பு இருக்கு, மறுக்கலை. ஆனா வண்டிக்கு வயசு வருசத்தால மட்டும் ஏறுறதில்ல. எந்த ஊர் தண்ணியைக் குடிச்சுதுங்கிறதும் ஒரு கணக்கு. புது வண்டியே வந்தாலும் எங்க ஊர்ல அது குடிக்கப் போறது அதே தண்ணிதான்.

உங்க ஊர்ல வண்டிக்கு என்ன தண்ணி ஊத்துறாங்க? சொல்லுங்க மக்களே.